ஆணி அடிக்கக் கூடாத சுவர்

இந்த எபிசோடை பாடாலூர்ல, அம்மா வீட்டுல உட்கார்ந்து ரெக்கார்டு பண்றேன். பின்னாடி திருச்சி–சென்னை ஹைவே லாரி சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அம்மா வீடுன்னு சொன்னேன், ஆனா வாடகை வீடுதான். அப்பா இங்க ஒரு கிரஷர்ல கணக்கு எழுதினார். நான் பிளஸ் டூ முடிக்கிறதுக்குள்ள நாலு வீடு மாறிட்டோம். இந்த நாலாவது வீட்டுல மட்டும் 13 வருஷம். அப்பா போனதும் இங்கதான். இப்போ இதை இடிச்சுட்டுக் கடை கட்டப் போறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்.

பேக்கிங்குக்கு நடுவுல எனக்கு ஒருத்தர் ஞாபகமாவே இருந்தது. டோ ஹோ சு. 1962இல் சியோலில் பிறந்த கொரியச் சிற்பி. நியூயார்க்கில், 348 மேற்கு 22ஆவது தெருவில், பல வருஷம் வாடகைக்கு இருந்தவர். அந்த வீட்டை நிஜ அளவிலேயே மெல்லிய பாலியெஸ்டர் துணியில தைச்சார். சுவர், படிக்கட்டு மட்டும் இல்லைங்க. சுவிட்ச், கதவுக் கைப்பிடி, ஃபிரிட்ஜ் எல்லாமே துணி. ஒளி உள்ளே புகுந்து வெளியே வரும். மடிச்சா பெட்டியில அடங்கிடும். ஊர் ஊரா மாறுறவனுக்கு இதைவிட என்ன வீடு வேணும்?

ஆனா எனக்கு அந்தத் துணி வீட்டைவிட, அவர் அப்புறம் செஞ்சதுதான் பிடிக்கும். 2016இல் அந்த வீட்டை விட்டு நிரந்தரமா கிளம்ப வேண்டி வந்தது. உள்ளே இருந்த எல்லாப் பரப்பு மேலயும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கலர் பென்சிலால தேய்ச்சு எடுத்தார். சின்ன வயசுல நாணயத்து மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ப்போமே, அதே வேலை. ஒரு முழு வீட்டுக்கு! அந்தப் படைப்போட பேரு ‘ரப்பிங்/லவ்விங்’. கொரிய மொழியில ‘ர’வும் ‘ல’வும் ஒரே எழுத்து. அதனால தேய்ப்பதும் நேசிப்பதும் காதுக்கு ஒண்ணாத்தான் விழுமாம்.

எங்க ஆபீஸ் பாஷையில இதை பேக்கப்னு சொல்லத் தோணும். ஆனா இதை வெச்சு எதையும் ரீஸ்டோர் பண்ண முடியாது.

இதுல எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. மன்ஹாட்டன் வாடகை ஏக்கம் ஒரு பக்கம். நம்ம ஊர் ஹேமா உபாத்யாய் பண்ணின ‘8 அடி x 12 அடி’ வேற மாதிரி. தாராவியில ஒரு குடும்பம் மொத்தமும் வாழும் அறையோட அளவு அது. உள்ளே போய் நின்னா, சுவரு, கூரை எங்கேயும் தகரத்துல செஞ்ச குட்டிக் குட்டி வீடுகள் நம்மளை நெருக்கும். பரோடாவிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர் அவர். இடம்னா என்ன விலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

சரி, நேத்து என்ன பண்ணினேன்னா, ரோட்டுக் கடையில நாலு சார்ட் பேப்பரும் ஒரு கிரேயான் டப்பாவும் வாங்கிட்டு வந்தேன். இந்த வீட்டுல ஆணி அடிக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. ஆனா அறைக் கதவு நிலையில, அப்பா என் காம்பஸ் முனையால தங்கச்சியோட உயரத்தைக் கீறி வெச்சிருக்கார். அது மேல ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சாச்சு, கண்ணுக்குத் தெரியாது. விரலால தடவினா தெரியும்.

பேப்பரை வெச்சுத் தேய்ச்சேன். ஏழு கோடு வந்தது. நான் ஆறுன்னு நினைச்சிருந்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டே நின்னாங்க. “பேப்பர் மிச்சம் இருக்காப்பா? அடுப்படி மேடையையும் எடுத்துடு.”