கடல் கொண்ட இரயில் துறை



சித்தூரிலும் புத்தலப்பட்டிலும் குடியேறி வாழும் நமக்குச் சொந்த ஊர் என்பது ஒரு புகைவண்டி நிலையத்திலேதான் தொடங்குகிறது. அந்நிலையமே மறைந்துவிட்டால்? தனுஷ்கோடியில் அது நேர்ந்தது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ அங்குள்ள கடல் துறை வரை சென்றது. பிரயாணிகள் வண்டியை விட்டிறங்கிக் கப்பலேறினர். தலைமன்னாரில் கரையேறி, மீண்டும் இரயிலில் கொழும்பு சேர்ந்தனர். வணிகரும், தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைப்பு நாடிப் போனோரும் இவ்வழியே சென்றனர்.

அம்மெயிலின் புகழை யாவரும் அறிவர். நாம் இங்கு நினைவுகூர்வது, பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய சிறு பாசஞ்சர் வண்டியை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய அவ்வண்டியைப் புயலலை வாரிச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் மீளவில்லை.

பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. தனுஷ்கோடிக்கு 2017-இல் சாலை வந்தது, இரயில் வரவில்லை. நிலையத்தின் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

வழி அற்றுப்போனால் உறவும் மெல்லத் தேயும். தெலுங்கெழுத்தில் நிலையப் பெயர்களைப் படித்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, இந்த ஒரு பெயரையும் சொல்லி வைப்போமாக.