பெயர் இடாப்பில் இருக்கிறதா?



எங்கள் சங்கம் தொடங்கிய நாளில் அதன் உறுப்பினர் ஒருவருக்கேனும் வாக்குரிமை இருக்கவில்லை. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அக்னஸ் டி சில்வா போன்றோர் முன்னின்று டொனமூர் ஆணைக்குழுவிடம் பெண்களுக்கும் வாக்குக் கேட்டார்கள். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் அது கிடைத்தது. ஆனால் அந்த அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்து, 1934இல்தான் நிரம்பின. எங்கள் பாட்டிமாரின் முதல் வாக்கு பெட்டிக்குப் போகவில்லை.

அது சரியா பிழையா என்று வாதாட நாங்கள் இங்கே வரவில்லை. அவர்கள் தெரிந்து முடிவெடுத்தார்கள். இன்று எங்களில் பலர் கவனக்குறைவால் வாக்கை இழக்கிறோம். அதைத்தான் பேச வந்தோம்.

கிளினிக்குக்கு வரும் அம்மாமார் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். “உங்கட பேர் வாக்காளர் இடாப்பில இருக்கோ?” என்று கேட்டால், “பிள்ளையளுக்குத்தான் தெரியும்” என்பார்கள். பிள்ளைகளைக் கேட்டால், “விதானையார் பதிஞ்சிருப்பார்” என்பார்கள்.

இதனால் என்ன நட்டம்? பாராளுமன்றத்தில் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது இடாப்பிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் புலம்பெயர்வும் இதற்குப் பெரிய காரணங்கள். அவற்றை எங்களால் மாற்ற இயலாது. இங்கேயே வாழ்ந்துகொண்டு பதியாமல் இருப்பதை மாற்றலாம்.

வழி எளிது. இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் மீளாய்வு செய்யப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி நிலவரமே இப்போது அடிப்படை. அதன் பின்னர் 18 வயதாகும் பிள்ளைகளுக்குக் குறைநிரப்பு இடாப்பு உண்டு. கிராம அலுவலர் தரும் படிவத்தில் வீட்டிலுள்ள தகுதியான எல்லோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றனவா என்று ஒருமுறை வாசியுங்கள். படிவம் வராவிட்டால் நாங்களே போய்க் கேட்க வேண்டும். பின்னர் இடாப்பின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும். பெயர் விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டிய காலம் அதுதான். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பயனில்லை. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம்.

பெண்களின் பெயர் இப்படியும் விடுபடுவதுண்டு. கலியாணம் முடித்து வேறு ஊர் போன மகளைத் தாய்வீட்டார் வெட்டிவிடுவார்கள், புகுந்த வீட்டார் சேர்க்க மறந்துவிடுவார்கள். ஒருவர் ஓர் இடத்தில்தான் பதியலாம். அந்த ஓர் இடத்திலாவது பெயர் இருக்கட்டும்.

வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏதாவது ஓர் ஆவணம் கட்டாயம். அட்டை தொலைத்த முதியவர்களுக்குத் தற்காலிக அடையாள அட்டை பெற விதானையாரிடம் முன்கூட்டியே போங்கள். தேர்தலன்று கடமையிலிருக்கும் அரச ஊழியர் தபால் வாக்குக்கு உரிய நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது புள்ளடி. 2020 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 35,006 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, போட்ட வாக்குகள் அவை. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ மட்டும் புள்ளடி. அதன் பின்னரே, விரும்பினால், அதே அணியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. இரண்டு கட்சிக்குப் போட்டாலும், கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் வாக்குப் பழுது. ஜனாதிபதித் தேர்தலின் 1, 2, 3 முறை வேறு. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடிதான். இதை வீட்டில் ஒரு கடதாசியில் கீறி ஆச்சிக்குக் காட்டினால் போதும்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, அங்கிருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியில்லை. வேறு குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதவர்களுக்கு இங்கே வாக்கும் இல்லை. ஆனால் நீங்கள் வாழும் நாட்டில் உங்களுக்கு வாக்கு இருக்கக்கூடும். பிரித்தானியாவில் சட்டப்படி வதியும் இலங்கையர், பொதுநலவாய நாட்டுப் பிரசைகள் என்பதால், அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமலே பதியலாம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியுரிமை வேண்டும். அவுஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயமும்கூட. அங்கே பதியுங்கள். இங்கே தனித்திருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் மருந்து போட்டாச்சோ என்று கேட்கும்போது, பெயர் பதிஞ்சாச்சோ என்றும் கேளுங்கள்.

கடைசியாக மாகாண சபை. வட மாகாண சபைக்கு நாங்கள் ஒரே ஒரு முறைதான் வாக்களித்திருக்கிறோம், 2013 செப்டெம்பர் 21இல். வாக்கால் தெரிவான 36 பேரில் அனந்தி சசிதரன் ஒருவரே பெண். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பின்னர் ஆளுநரும் அதிகாரிகளும்தான். எங்கள் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலான பாடசாலைகளும் மாகாணத்தின் கீழ் உள்ளவை. ஒரு வார்ட்டுக்குத் தாதியர் போதவில்லை என்றால் சபையில் எழுந்து கேட்க, நாங்கள் தெரிந்தனுப்பிய ஒருவர் இல்லை. அந்தத் தேர்தலை எப்போது வைப்பது என்பது எங்கள் கையில் இல்லை. வைக்கும் நாளில் எங்கள் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும். அது எங்கள் கையில் உண்டு.

ஆகவே நூற்றாண்டில் ஒரு சிறு வேலை. ஒவ்வொரு வகுப்பு அணியும் தங்கள் வாட்சப் குழுவில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கேள்வியைப் போடட்டும்: “உன்ர பேரும் அம்மான்ர பேரும் இருக்கோ?” உயர்தர வகுப்பில் 18 வயதாகும் தங்கைமாருக்குப் படிவத்தை வாசித்துக் காட்ட, இங்கே இருக்கும் நாங்கள் வருகிறோம்.