ஏசியிலிருந்து சொட்டும் நீர்

குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிக்கப் வண்டியின் ஏசிக்குள்ளும் இதே காரியந்தான் நடைபெறுகிறது. உள்ளே சில்லென்று இருக்கும் சுருள்களின்மீது படுகின்ற காற்றின் ஈரம் நீராகி, அடித்தட்டில் சேர்ந்து, ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கு வெளியே சொட்டுகிறது. ஆகவே, வண்டியின் கீழே தெளிந்த நீரைக் கண்டு கலவரப்பட வேண்டியதில்லை. புழுக்கமான நாளில் சொட்டாமல் போனால்தான் விசாரிக்க வேண்டும்.

சில வண்டிகளில் அந்தக் குழாய் குட்டையாக அமைந்துவிடுவதால், நீர் தரையைச் சேராமல் அடிச்சட்டத்தின்மீதே நாள்தோறும் விழுந்து, காலக்கிரமத்தில் துருவுக்கு ஹேதுவாகிறது. பரிகாரம் சுலபம். எஞ்சின் ஆறிய பிறகு, பொருத்தமான ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, கிளிப்பால் இறுக்கி, சட்டத்தைத் தாண்டிக் கீழே இறக்கிவிடலாம். செலவு சொற்பம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை. குழாய் முழுவதும் கீழ்நோக்கியே சரிய வேண்டும். நடுவே வளைந்து மேலேறினால் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் தூசி படிந்து வழி அடைபட்டால், நீர் திரும்பி வண்டிக்குள்ளே கால் விரிப்பை நனைத்து, துர்நாற்றத்தையும் உண்டாக்கும். எனவே, கீழ்நோக்கியே சரியட்டும். கொதிக்கும் புகைக்குழாயின் பக்கமோ, சுழலும் பாகங்களின் பக்கமோ அதைக் கொண்டுபோக வேண்டாம். மாட்டியபின் ஏசியைச் சற்று நேரம் ஓடவிட்டு, புதிய நுனியிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.