கோலும் கரியும்



கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட செட்டிபாளையத்தில் வேம்புக்குக் குறைவில்லை. அதன் குச்சியை மென்று பல் துலக்குதல் மிகத் தொன்மையான வழக்கம். ஆசாரக்கோவை அக்குச்சியைக் 'கோல்' என்கின்றது. சுசுருத சங்கிதை 12 விரல் நீளம் விதித்தது. புத்த பிக்குகளின் விநயமோ 8 விரலுக்கு மிகாமலும் 4 விரலுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்றது. காரணம் சுவையானது: சிலர் நெடுங்குச்சியால் இளந்துறவிகளை அடித்தனராம்; ஒருவருக்குக் குறுங்குச்சி தொண்டையிற் சிக்கியதாம்!

மென்ற நுனி நார்நாராகித் தூரிகையாகும். பல்லிடுக்கிலும் மெல்லப் புகும். நெல் விளையும் நாடாதலால் இங்கு உமிக்கரியும் வழங்கிற்று. பல் வெளுப்பது மெய்யே. ஆயினும் குச்சிக்குள்ள மென்மை அதற்கில்லை. உமியிலுள்ள மணற்சத்து, அழுக்கோடு பல்லின் மேலோட்டையும் அராவிவிடும். தேய்ந்த மேலோடு மீண்டும் வளர்வதில்லை.