செவிலிக்குத் துணை யார்?



பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், டியூட்டி மாறுகின்ற வேளையில், நாள்தோறும் நடைபெறுகின்ற ஒரு காரியம் உண்டு. இரவெல்லாம் கண்விழித்த செவிலியும், அப்பொழுதுதான் வேலைக்கு வந்த செவிலியும், நோயாளியின் படுக்கை அருகே நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். கொடுத்த மருந்து, வெளியேறிய சிறுநீரின் அளவு, நாடித் துடிப்பு ஆகியவை எல்லாம் குறிப்பேட்டில் எழுதப்பட்டே இருக்கின்றன. ஆயினும், “மூன்று மணிக்குப் பிறகு சளி சற்றுக் கெட்டியாக வருகிறது, எனக்கென்னவோ மனத்துக்குச் சரியாகப் படவில்லை, நீங்களும் கவனியுங்கள்” என்ற அந்த ஒரு வாக்கியம் எந்த ஏட்டிலும் இராது. ஒரு செவிலியின் ஐயம் மற்றொரு செவிலியின் எச்சரிக்கையாக மாறுகின்ற இடம் அதுவே. அதற்குப் பின்னரும், புதிதாக வந்தவருக்கு ஏதேனும் குழப்பம் நேர்ந்தால், நான்கு அடி தள்ளி இன்னொரு படுக்கையருகில் இன்னொரு செவிலி இருக்கின்றார். கண்ணசைத்தால் போதும், வந்துவிடுவார்.

இப்பொழுது அந்த நோயாளி வீட்டுக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டு முறிந்தவர்கள், பக்கவாதத்தால் விழுங்கும் சக்தியை இழந்தவர்கள், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக நலிந்து வருபவர்கள் முதலிய பலர், முன்னாளில் மருத்துவமனையிலேயே நாள் கழித்திருப்பார்கள். அல்லது பிழைத்திருக்கவே மாட்டார்கள். இன்று அவர்கள் டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் மாடிக் குடியிருப்புகளின் உள்ளறைகளிலே வாழ்கின்றனர். கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய சுவாசக் குழல், வயிற்றின் வழியே உணவு செலுத்தும் குழாய், வெண்டிலேட்டர், சளி உறிஞ்சும் கருவி, மின்சாரம் போனால் கைகொடுக்க பாட்டரி, அதுவும் ஓய்ந்தால் கையால் அழுத்தி மூச்சு ஊட்டுகின்ற அம்பு பை, எல்லாம் அந்த அறைக்குள் வந்துவிட்டன. நர்சிங் பீரோவின் மூலம் ஒரு செவிலியும் வந்துவிட்டார். வராதவர் ஒருவரே: நான்கு அடி தள்ளி நின்ற அந்த இரண்டாவது செவிலி.

அந்த இரண்டாமவர் இல்லாமையால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஒரே ஓர் உதாரணம் சொல்கின்றேன். முதுகுத்தண்டின் மேற்பகுதியில், அதாவது மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதிலோ அதற்கு மேலோ, காயமுற்றவர்களுக்குத் திடீரென்று ஓர் ஆபத்து நேர்வதுண்டு. தலை வெடித்துவிடும் போன்ற வலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை, இவற்றோடு இரத்த அழுத்தமும் மளமளவென்று ஏறும். இத்தகையவர்களுக்கு இயல்பான அழுத்தமே நம்மைக் காட்டிலும் குறைவு. மேல் அளவு 90 அல்லது 100 என்று இருப்பவருக்கு 140 என்பது பேரபாயம். விஷயம் தெரியாதவர் அந்த 140-ஐப் பார்த்து, அவ்வளவொன்றும் மோசமில்லை என்றெண்ணித் தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார். படுக்க வைப்பதுதான் கூடாது. உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இறுக்கமான உடைகளைத் தளர்த்த வேண்டும். சிறுநீர்க் குழாய் எங்கேனும் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். இல்லையெனில் மலச்சிக்கல், படுக்கைப் புண், சில வேளைகளில் சதைக்குள் வளர்ந்த ஒரு நகம் கூடக் காரணமாகலாம். நிரம்பி நிற்கும் சிறுநீர் வடிந்ததும் அழுத்தம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். காரணம் அகலாவிட்டால், அல்லது அகன்றும் அழுத்தம் இறங்காவிட்டால், டாக்டருக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகக் கூடும்.

மடங்கிய ஒரு குழாய்! அதை நேராக்குவதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் முதுகுத்தண்டுக் காயங்களுக்கென்றே அமைந்த இடங்களில் குவிந்து கிடக்கின்றது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. டில்லி வசந்த் குஞ்சிலும் முதுகுத்தண்டுக் காயங்களுக்கென்று ஒரு மையம் இருக்கின்றது. இத்தகைய இடங்களிலே பல ஆண்டு உழைத்த செவிலி ஒருவருக்கு நான் மேலே கூறியது கைப்பாடம். பொது வார்டிலிருந்து நேரே ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளம் செவிலிக்கோ, அது பயிற்சிக் காலத்தில் என்றோ ஒரு நாள் காதில் விழுந்த செய்தி. இவ்விருவருக்குமிடையே ஒரு தொடர்பு இருந்தால் நோயாளி பிழைக்கின்றார்.

“சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்கலாமே, மேலதிகாரியைக் கேட்கலாமே?” என்பார் சிலர். கேட்கத்தான் வேண்டும். ஆனால் மனித சுபாவத்தை மறந்துவிடலாகாது. தன் வேலையைப் பற்றிக் குறிப்பு எழுதுகின்றவரிடத்தில், “எனக்கு இது தெரியவில்லை” என்று சொல்ல எவருக்கும் நா எழாது. பீரோவிடம் சொன்னால், தேறாதவர் என்று மாற்றி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். வீட்டாரிடம் சொன்னால், அவர்களுடைய நம்பிக்கை குலைந்துவிடுமோ என்ற தயக்கம். தன்னைப் போன்றே சீருடை அணிந்து, தன்னைப் போன்றே அந்தச் சங்கடத்தில் என்றோ ஒரு நாள் நின்ற ஒருவரிடம் மட்டுமே வெட்கமின்றிக் கேட்க முடிகின்றது. தொழில் தோழமை என்பதை மன ஆறுதலுக்கான உபசாரமாகச் சிலர் கருதுகின்றனர். அதைச் சிகிச்சையின் ஓர் அங்கம் என்றே நான் கருதுகின்றேன்.

நம் நாட்டுச் செவிலியருக்குச் சங்கம் புதிதன்று. 1905-ஆம் ஆண்டிலேயே லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம் தோன்றியது. 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியருக்கான அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று; 1910 முதல் அது தனக்கென ஒரு பத்திரிகையும் நடத்தி வந்திருக்கின்றது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்சநீதிமன்றத்தை அணுகியதும் அந்தச் சங்கமே. 2016 ஜனவரியில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை மாநில அரசின் ஊதியத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டோடு நின்றுவிட்ட இடங்கள் பல என்பதும் உண்மை. கேரளத்திலோ 2011-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர் தாமே திரண்டு, சங்கம் கண்டு, வேலைநிறுத்தம் செய்து ஊதியத்தை உயர்த்திக்கொண்டனர்.

இவை யாவும் அவசியமானவை. வயிறு வாடுகின்றவர் பிறர் வாட்டத்தைத் தீர்ப்பது எங்ஙனம்? ஆனால் ஊதியச் சங்கத்தின் வேலை வேறு. இரவு இரண்டு மணிக்கு எழுகின்ற சந்தேகத்தைத் தீர்க்கின்ற வேலை வேறு. பின்னதற்கு ஒரே வகைப் பணியில் இருப்பவர்கள் ஒன்றுசேர வேண்டும். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைச் செவிலியர் 1969-லேயே தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இருதய நோய்ப் பிரிவுகளில் புதிதாக வந்திறங்கிய கருவிகளைக் கண்டு திகைத்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்கவே அது பிறந்தது. நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. ஈரல் நோய்க்குச் சிகிச்சை செய்யும் சிற்றூர் மருத்துவர்கள், குறித்த நாளில் காணொளி மூலம் கூடித் தத்தம் நோயாளியின் நிலையை எடுத்துரைப்பார்கள். நிபுணர்களோடு மற்றவர்களும் கருத்துச் சொல்வார்கள். ஒருவரது சந்தேகம் எல்லோருக்கும் பாடமாயிற்று. அம்முறை இந்தியாவுக்கும் வந்திருக்கின்றது. செவிலியர் பயிற்சிக்கும் பயன்படுகின்றது.

அறிவைப் பகிர்வது ஒருபுறமிருக்க, துயரத்தைப் பகிர்வது என்ற ஒன்றும் இருக்கின்றது. சிகிச்சையில் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. ஆனால் அந்தத் தவறில் கை இருந்தவரும் உடைந்து போகின்றார் என்பதை 2000-ஆம் ஆண்டில் டாக்டர் ஆல்பர்ட் வூ என்பவர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டி, அவரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று குறிப்பிட்டார். அந்தச் சொல்லைப் பற்றி ஆட்சேபங்களும் எழுந்தன. நோயாளியின் குடும்பத்தார் அதை விரும்பாததில் வியப்பில்லை. பெயர் எதுவாயினும் துயரம் மெய்யானது. மிசௌரிப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சூசன் ஸ்காட் என்னும் செவிலியார் முன்நின்று, இத்தகையோருக்குச் சக ஊழியர்களையே பழக்கித் துணையாக அனுப்பும் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தார். தவறே நேராத இடத்திலும் இத்துணை வேண்டும். எட்டு மாதம் நாள்தோறும் தலை வாரிவிட்ட நோயாளி ஒரு விடியற்காலையில் மறைந்துவிடுகின்றார்; அன்று மாலையே பீரோ அந்தச் செவிலியை மற்றொரு வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றது. அழுவதற்கு அவருக்கு உரிமையும் இல்லை, இடமும் இல்லை.

வெளிமாநிலங்களில் பணிபுரிகின்ற நம் தமிழ்ச் சகோதர சகோதரிகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவுச் சட்டம் 1926-லேயே ஏற்பட்டது. அந்த வழியில் வந்த கவுன்சிலில் பெயர் பதிந்துகொண்டு புறப்படுகின்றவர், போய்ச் சேர்ந்த மாநிலத்தின் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. எந்தத் தாளுக்கு எங்கே முத்திரை, எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்பனவெல்லாம் முன்னே சென்றவர் சொல்லித்தான் பின்னே வருபவருக்குத் தெரிகின்றது. இதில் மலையாளச் செவிலியரைப் பார்த்து நாம் கற்க வேண்டியது நிறைய. டில்லியில் எந்த மருத்துவமனையில் இடம் காலி, எந்த விடுதி பாதுகாப்பானது என்பது அவர்களுக்கு ரயிலேறும் முன்பே தெரிந்திருக்கும்.

ஆயினும் மொழி வட்டத்தோடு நின்றுவிடுவது நல்லதன்று என்பது என் அபிப்பிராயம். 2021 ஜூன் மாதம் டில்லி அரசு மருத்துவமனை ஒன்றில், செவிலியர் ஹிந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பேச வேண்டும் என்றும் மலையாளம் பேசினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சுற்றறிக்கை விட்டனர்; நாடெங்கும் கண்டனம் எழவே, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றனர். திரும்பப் பெற்றது சரியே. தாய்மொழியில் இரண்டு வார்த்தை பேசாமல் பன்னிரண்டு மணி நேரம் யாரால் உழைக்க முடியும்? ஆனால் நோயாளியின் படுக்கையருகே பொறுப்பை மாற்றிக் கொடுக்கும்போது, அங்குள்ள எல்லோருக்கும் புரிகின்ற மொழியில் பேசுவது வேறு விஷயம். புரியாத மொழியில் தம்மைப் பற்றிப் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பவரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். தோழமையும் அவ்வாறே. ஊர்ப் பேச்சுக்கும் பொங்கலுக்கும் தமிழ் நண்பர்கள் வேண்டும். வெண்டிலேட்டரின் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும்போது வேண்டியவர், அந்த மணியை அறிந்தவர்; அவர் மணிப்பூர்க்காரராயிருந்தால் என்ன, ஹரியானாக்காரராயிருந்தால் என்ன?

பெரிய ஏற்பாடுகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே நகரில் இவ்வகைப் பணி செய்கின்ற எட்டுப் பத்துப் பேர் மாதம் ஒரு முறை கூடலாம். ஒவ்வொரு முறையும் ஒருவர் தமக்கு நேர்ந்த ஒரு சிக்கலை எடுத்துரைக்கலாம். இரவில் அழைத்தால் எழுந்து பேசுவதாக ஒப்புக்கொண்ட மூத்தவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனையில் மட்டும் தளர்ச்சி கூடாது. கைப்பேசியில் புண்ணைப் படமெடுத்து, முகமும் பெயரும் தெரிய, நாற்பது பேர் உள்ள குழுவுக்கு அனுப்பிவிடுகின்ற வழக்கம் பரவி வருகின்றது. அது தோழமையன்று, நோயாளியின் மானத்தைப் பொதுச் சந்தையில் வைப்பதாகும். பெயரும் முகவரியும் இன்றியே சந்தேகத்தைக் கேட்க முடியும். அப்படிக் கேட்கப் பழகுவதும் தொழில் திறமையே. மேலும், தோழியின் யோசனை டாக்டரின் உத்தரவுக்கு ஈடாகாது. மருந்தின் அளவை மாற்றுவது போன்றவற்றை டாக்டரிடமே கேட்டாக வேண்டும்.

இந்தப் பேச்சைக் கேட்பவர்களுள் செவிலியர் சிலரே இருப்பார்கள்; செவிலியைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகமிருக்கக் கூடும். அவர்களிடம் சில வார்த்தைகள். பகல் செவிலி புறப்பட்ட பிறகு இரவுச் செவிலி வருவது என்ற ஏற்பாட்டை மாற்றி, இருவரும் கால் மணி நேரமாவது ஒன்றாக இருக்கும்படி செய்யுங்கள். அதற்குரிய கூலியையும் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். அவர் தொலைபேசியில் இன்னொரு செவிலியிடம் ஏதோ கேட்பதைக் கண்டால், தெரியாதவரை அனுப்பிவிட்டார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். மாதக் கூட்டத்துக்குப் போக அரை நாள் கேட்டால், பதிலுக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு அனுப்பி வையுங்கள். அடுத்த முறை பீரோவுக்குப் போகும்போது, சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இரவு இரண்டு மணிக்கு இந்த அம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தால், இதே வேலை தெரிந்த எந்தச் செவிலியை அழைப்பார்?” ஒரு பெயரும் ஓர் எண்ணும் வந்தால் குறித்துக்கொண்டு, நோயாளியின் அறைச் சுவரில் டாக்டரின் எண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டுங்கள்.