குமிழி காட்டும் குருதியோட்டம்

ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்பதனாலேயே வயலில் நீர் பாய்ந்துவிட்டது என்று எந்த உழவரும் கூறமாட்டார். வாய்க்கால் வழியே கடைசிப் பாத்தி வரை நீர் சென்றதா என்று கண்ட பின்னரே அவர் வீடு திரும்புவார். நம் இதயத்தின் நிலையும் இதுவே. மாரடைப்பின்போது அடைபட்ட தமனியை மருத்துவர் திறந்துவிட்ட பின்னரும், அதற்கப்பாலுள்ள நுண்குழாய்களில் குருதி செல்லாது போவதுண்டு. பெருங்குழாய் திறந்திருக்கத் தசை மட்டும் வாடும். இதனைக் கண்டறிவது எங்ஙனம்?

செவிக்கு எட்டாத மீயொலியை உடலினுள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு படம் வரையும் முறையை நாம் அறிவோம். பெரிய குழாய்களில் குருதி ஓடும் வேகத்தையும் அம்முறை கூறிவிடும். ஆயின், தந்துகிகளில் குருதி மெல்ல ஊர்கிறது. சிவப்பணுக்கள் தரும் எதிரொலியும் மிக நலிந்தது. துடிக்கும் தசையின் பேரொலியில் அது மறைந்துபோகிறது.

இதற்கு வழி தற்செயலாகத் தென்பட்டது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் ஆய்வு நடத்திய கிராமியாக், ஷா என்னும் இருவர், இதயத்தினுள் சாயம் செலுத்தப்பட்டபோது எதிரொலி திடீரெனப் பெருகியதை 1968இல் வெளியிட்டனர். அதற்குக் காரணம் சாயத்தின் நிறமன்று. ஊசியின் வழியே உடன் தோன்றிய சிறு குமிழிகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இன்று அக்குமிழிகளை அளவாகச் செய்கின்றனர். சல்பர் ஹெக்சாபுளோரைடு போன்ற, குருதியில் எளிதிற் கரையாத வாயுவைக் கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறையில் அடைக்கின்றனர். சிவப்பணுவின் அகலம் 7 அல்லது 8 மைக்ரான். குமிழியோ பெரும்பாலும் அதனினும் சிறியது. ஆதலின் நுரையீரலின் தந்துகிகளையும் கடந்து செல்கிறது. மீயொலி படும்போது குமிழி சுருங்கி விரிந்து, தனக்கே உரிய புதிய அதிர்வெண்களையும் எழுப்புகிறது. தசையின் ஒலியிலிருந்து அதனைக் கருவி பிரித்தெடுக்கிறது.

இனி, அளக்கும் வகையைக் காண்போம். குமிழிகளைச் சீராகச் செலுத்திக்கொண்டே, வலிய துடிப்பொன்றினால் படத்தின் எல்லைக்குள் உள்ளவற்றை உடைத்துவிடுவர். தசை இருண்டுவிடும். பின்னர் மெல்லிய ஒலியைக் கொண்டு, புதிய குமிழிகள் வந்து நிறைவதை நோக்குவர். நிறைந்தபின் காணும் ஒளி, அங்குள்ள குருதியின் அளவைக் காட்டும்; நிறையும் விரைவு, ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் குருதியோட்டத்தின் மதிப்புக் கிடைக்கும். வெய், கவுல் முதலியோர் 1998இல் இம்முறையை விளக்கினர். ஓய்வு நிலையில் நலமான இதயத்தசை ஏறத்தாழ 5 வினாடியில் நிறையும். ஓரிடம் தாழ்ந்து நிறையுமாயின் அங்கே குறையுண்டு என்று ஐயுறலாம்.

இம்முறையில் கதிர்வீச்சு இல்லை. வாயு மூச்சுடன் வெளியேறிவிடுவதால், சிறுநீரகம் நலிந்தவர்க்கும் இது ஏற்றது. எனினும் குறைகள் உண்டு. ஆழம் மிகுந்த இடத்தில் ஒலி தேய்வதால், ஒளி குன்றியதை ஓட்டம் குன்றியதாக மயங்கக்கூடும். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் நேரலாம். எனவே மருத்துவர் உடனிருத்தல் இன்றியமையாதது.

ஆற்றைக் கண்டு அமைதியுறாமல் கடைசிப் பாத்தி வரை நடந்து பார்க்கும் அவ்வுழவரின் கண்ணையே, இச்சிறு குமிழிகள் மருத்துவருக்கு அளித்துள்ளன.