பூட்டை அமைத்தலும் அகற்றலும்



கணினி நிரலொன்றினுள் ஒரே வேளையில் பல பணிகள் நடைபெறுவதுண்டு. அவை ஒவ்வொன்றையும் இழை என்பர். புகையிரத ஆசனப் பட்டியல் ஒன்றை நூறு இழைகள் ஒருங்கே படித்தாலும் தீங்கில்லை. ஆனால், ஓரிழை அதனைத் திருத்திக்கொண்டிருக்கையில் மற்றோரிழை படிக்குமாயின், புதிய பயணியின் பெயரும் பழைய பயணியின் ஆசன எண்ணும் ஒன்றாய்க் கலந்து கிட்டும்.

இவ்விடரை நீக்கும் முறைகளைக் கூர்துவா, ஹேமன்ஸ், பார்ணஸ் என்னும் மூவர் 1971இல் எழுதி வெளியிட்டனர். படிப்போர் பலரை ஒருங்கே அனுமதித்து, எழுதுவோரை ஒவ்வொருவராகத் தனியே அனுமதிப்பதே படிப்பு-எழுத்துப் பூட்டு.

இப்பூட்டை இழைகள் தோன்றுமுன் ஒருமுறை மாத்திரம் தொடக்கிவைத்தல் வேண்டும். நினைவகம் போதாவிடின் அதுவும் தவறலாம். ஆதலின், கட்டளை திருப்பித் தரும் விடையை நோக்குதல் கடன்.

அமைத்தலினும் அகற்றலே அரிது. எவரேனும் பற்றியிருக்கும் பூட்டை அகற்றினால் விளைவு யாதென்பதைப் போசிக்ஸ் நியமம் வரையறுக்கவில்லை. சோதனையில் நூறு முறை செவ்வனே ஓடிய நிரல், பயணிகள் காத்து நிற்கும் வேளையில் வீழ்ந்துவிடலாம். காரணமோ எளிதிற் புலப்படாது.

ஆகவே, முதலிற் புதுப் பணிகளை நிறுத்துக. இழைகள் யாவும் முடியும்வரை பொறுத்திருக்க. அதன் பின்னர்ப் பூட்டை அகற்றுக. அது தங்கிய நினைவகத்தை இறுதியில் விடுவிக்க. வீட்டிலுள்ளோர் யாவரும் வெளியேறிய பின்னரன்றோ கதவைக் கழற்றுதல் முறை!